தெள்ளுப்பூச்சியும் விளக்கு வைத்த வீடும்

குண்டசாலையில் ஒரு வீட்டின் மேல்மாடியில் நான் வாடகைக்கு இருக்கிறேன். என்னோடு இரண்டு பூனைகள். ஒன்று தாய், சாம்பல் நிறம். மற்றது அவள் மகன், சுத்த வெள்ளை. பெரியவள், சின்னவன் என்று கூப்பிடுவேன். எப்படிக் கூப்பிட்டாலும் இரண்டும் திரும்பிப் பார்ப்பதில்லை. கண்டி டவுனில் ஒரு பார்மசியில் மருந்து எடுத்துக் கொடுப்பது என் வேலை. பகல் முழுக்க அடுத்தவர்களின் இருமலையும் சொறியையும் மூட்டுவலியையும் கேட்டுவிட்டு, பஸ்ஸில் நசுங்கி ஆறரைக்கு வந்து சேர்ந்தால், மாடிப்படியின் உச்சியில் இரண்டு தலைகள் தெரியும். அந்தத் தலைகள் வருவதற்கு முன், வீட்டுக்குப் போக எனக்கு அவசரம் என்று ஒன்று இருந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். இரண்டு பூனைக்காக ஒருத்தி இவ்வளவு மல்லுக்கட்டுவாளா என்று பிறகு யாரும் கேட்கக் கூடாது.

கீழ்வீட்டில் இருப்பவர் வீட்டுக்கார அம்மா. யாழ்ப்பாணத்துக்காரர், கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தனியாள். வீட்டைத் தரும்போதே மூன்று நிபந்தனை சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் சமைக்கக் கூடாது. கதிரைகளைத் தூக்கி வைக்க வேண்டும், இழுக்கக் கூடாது. பின்னேரம் விளக்கு வைத்த பிறகு விளக்குமாற்றைத் தொடக் கூடாது.

"விளக்கு வைக்கிற நேரம் லட்சுமி வீட்டுக்குள்ள வாற நேரம், பிள்ளை. அந்த நேரம் கூட்டி வெளியில தள்ளினால் அவவையும் சேர்த்துத் தள்ளுறதுதான்" என்றார்.

கலஹாவில் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில், வளர்ந்த எனக்கு இதை யாரும் விளங்கப்படுத்த வேண்டியதில்லை. எங்கள் வீட்டிலும் அதே சட்டம்தான். ஆறு மணிக்குப் பிறகு விளக்குமாற்றை எடுத்து நான் வாங்கிய அடி இன்னும் நினைவிருக்கிறது. அதனால் மறுபேச்சுப் பேசாமல் தலையாட்டினேன்.

தெள்ளுப்பூச்சி எப்படி வந்தது என்று தெரியாது. மழை விட்டு வெயில் ஏறிய நாட்கள் அவை. ஒரு நாள் பார்மசியில் ஒருவருக்குச் சொறிக்குப் பூசும் களிம்பை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே, மேசைக்குக் கீழே என் வலது கால் இடது கணுக்காலைச் சொறிந்துகொண்டிருந்தது. அந்த மனிதர் எட்டிப் பார்த்தார். களிம்பை வாங்கலாமா வேண்டாமா என்ற யோசனை அவர் முகத்தில் ஓடியது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து சின்னவனின் வெள்ளை வயிற்றை விலக்கிப் பார்த்தேன். மிளகுத்தூள் தூவியது போல கறுப்புப் புள்ளிகள். அவற்றுக்கு நடுவே ஒன்று குதித்துத் தப்பியது.

யாருக்கும் தெரியாமல் முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கார அம்மா தண்ணீர்த் தாங்கியைப் பார்க்க மேலே வந்து, பத்து நிமிடம் நின்று கதைத்துவிட்டுப் போனார். அடுத்த நாள் காலை படியடியில் சேலையைக் கொஞ்சம் உயர்த்தி, கணுக்காலில் வரிசையாக நாலு சிவப்புத் தடிப்பைக் காட்டினார்.

"தெள்ளு" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோப்பில் குறிப்பு எழுதுகிறவர் போலச் சொன்னார். "கனடாவில இருந்து மகள் வாறா. பேரப்பிள்ளை தவழ்ற வயசு. இன்னும் ஒண்டரை மாசம் கிடக்கு. அதுக்குள்ள தெள்ளுப் போக வேணும். இல்லையெண்டால் பூனையள் போக வேணும். நீங்கள் இருக்கலாம், பிள்ளை. உங்களில எனக்கு ஒரு குறையும் இல்லை."

"நான் பாத்துக்கிறேன்மா" என்றேன். எதைப் பார்த்துக்கொள்வது என்று எனக்கே தெரியாது.

முதலில் வேப்பிலையும் மஞ்சளும். எங்கள் ஆட்களுக்கு உடம்பில் எது வந்தாலும் கை முதலில் போவது அங்கேதான். அரைத்து, சின்னவனைப் பிடித்து, அவன் என் முன்கையில் கீறிய கோடுகளையும் பொருட்படுத்தாமல், கழுத்திலிருந்து வால் வரை பூசினேன். தெள்ளுப்பூச்சிகள் இடம்கூட மாறவில்லை. பூனைதான் மஞ்சளாகிவிட்டது. சடங்கு வீட்டுப் பிள்ளை மாதிரி இரண்டு கிழமை மஞ்சள் பூத்துத் திரிந்தான். போதாததற்கு, கீழ்வீட்டின் வெள்ளைச் சுவரில் உடம்பை உரசி நீளமாக ஒரு கோடும் போட்டுவிட்டு வந்தான். அதைச் சவர்க்காரம் போட்டு நான் தேய்த்துக் கழுவ, வீட்டுக்கார அம்மா யன்னலுக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்தது சாம்பிராணி. கதவு யன்னலை மூடி, பூனைகளை வெளியே விட்டு, கரி போட்டுப் புகைத்தேன். பக்கத்து வீட்டுச் சிங்கள மாமா வாளியில் தண்ணீரோடு மதிலடிக்கு வந்து எங்கே நெருப்பு என்று கேட்டார். புகை அடங்கி உள்ளே போனேன். வீடு கோயில் மாதிரி மணத்தது. பத்து நிமிடத்தில் கணுக்காலில் கடி விழுந்தது.

மருந்துக்கடைக்காரி மருந்து கேட்டு இன்னொருவரிடம் போவதா என்ற வீம்பு எனக்கு இருந்தது. ஒத்துக்கொள்கிறேன். நாய்க்குப் போடும் தெள்ளுப் பவுடர் ஒன்றை வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டேகூடத் திரிந்தேன். ஆனால் பெரியவள் சாப்பாட்டைக் குறைத்ததும் வீம்பு இறங்கிவிட்டது. ஒரு சனிக்கிழமை அரை நாள் லீவு எடுத்து, இரண்டையும் மூடி போட்ட கூடையில் வைத்து, பேராதனைப் பக்கம் ஒரு மிருக வைத்தியரிடம் போனேன். வழி முழுக்க அவை போட்ட கூச்சலில், பஸ்ஸில் எனக்கு மூன்று பேர் இடம் விட்டுத் தந்தார்கள்.

வைத்தியர் சிங்களவர், நிதானமான மனிதர். பெரியவளின் முதுகைச் சீவி, சீப்பில் வந்த கறுப்புப் பொடியை நனைத்த வெள்ளைத் திசுவில் தட்டினார். பொடியைச் சுற்றி மெல்லச் சிவப்பு பரவியது. "இது அழுக்கில்லை. உங்கள் பூனையின் இரத்தம். தெள்ளு குடித்துவிட்டுக் கழித்தது" என்று சிங்களத்தில் சொன்னார். இவ்வளவு நாளும் நான் மஞ்சள் பூசி விளையாடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பிறகு அவர் விளக்கினார். பூனை மேல் நான் பார்ப்பது கொஞ்சம்தான். மீதிக் கூட்டம் என் வீட்டில் இருக்கிறது. தெள்ளு இடுகிற முட்டை மயிரில் ஒட்டி நிற்பதில்லை, உருண்டு விழுந்துவிடும். தரை வெடிப்பிலும் கால்மிதியிலும் கட்டிலடியிலும் புழுவாகி, கூடு கட்டி, கடிக்க ஆள் வரும் வரை காத்திருக்கும். ஆகவே இரண்டு பக்கமும் அடிக்க வேண்டும். பூனைக்கு, நக்க எட்டாத பிடரியில் சொட்டு மருந்து. வீட்டில் துணிகளைக் கொதிநீரில் அவிக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் கட்டிலடி வரை கூட்டி, குப்பையை உடனே பையில் போட்டு இறுக்கிக் கட்டி, வீட்டை விட்டு வெளியேற்ற வேண்டும். பேன் சீப்பால் பூனையைச் சீவி, அகப்படுவதைச் சவர்க்காரத் தண்ணீரில் போட வேண்டும். கூட்டம் எங்கே இருக்கிறது என்று தெரிய, இராத்திரி ஒரு விளக்குக்குக் கீழே தட்டில் சவர்க்காரத் தண்ணீர் வைத்துவிட்டுப் படுக்கலாம். வெளிச்சத்துக்கு வந்து விழும். கடைசியாக, நாய்க்கான பவுடரைப் பூனைக்குப் போட்டுவிடாதீர்கள், செத்துப்போகும் என்றார். என் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

எல்லாம் செய்யலாம். கூட்டுவதற்குத்தான் வழியில்லை. காலையில் முந்தி எழும்பலாமே என்று கேட்பீர்கள். நாலரைக்கு எழும்பி, சமைத்து, குளித்து, ஆறேகால் பஸ்ஸுக்கு ஓடுகிறவளிடம் கேட்கிற கேள்வி இல்லை அது. அதுவரை காலையில் வாசலை மட்டும் கூட்டுவேன், முழு வீட்டையும் ஞாயிற்றுக்கிழமை கூட்டுவேன். இனி ஒவ்வொரு நாளும் என்றால் ஆறரைக்குப் பிறகுதான் முடியும். ஆறு மணிக்குக் கீழே விளக்கு ஏறிவிடும்.

போய்க் கேட்டேன். வீட்டுக்கார அம்மா ஒரு வழி சொன்னார்.

"சரி, கூட்டுங்கோ. ஆனால் குப்பையை வெளியில கொண்டு போகாதேங்கோ. ஒரு மூலையில ஒதுக்கி வைச்சிட்டு, விடிய அள்ளிக் கொட்டுங்கோ. எங்கட அம்மாவும் அவசரத்துக்கு அப்பிடித்தான் செய்யிறவ."

எங்கள் வீட்டிலும் அந்தச் சலுகை உண்டு. விருந்தாளி வந்துவிட்டால் இருட்டிய பிறகும் கூட்டுவோம். குப்பை கதவு மூலையில் கிடந்து விடியும். பெரிய வெற்றி என்று நினைத்துக்கொண்டு படியேறினேன்.

அன்றிலிருந்து பேய் பிடித்தவள் மாதிரி வேலை செய்தேன். பிடரியில் சொட்டு. படுக்கை விரிப்பு, மெத்தை உறை, பூனைக் கூடையின் துணி எல்லாம் கொதிநீரில். தும்புக் கால்மிதியை எரித்தேன். ஒவ்வொரு நாளும் கட்டிலை நகர்த்தி, அலுமாரிக்கு அடியில் கையை விட்டு, சிவப்புத் தரையின் வெடிப்புகளைப் பழைய பல்துலக்கியால் கிளறி, முக்கால் மணி நேரம் கூட்டினேன். சேர்ந்ததை வாசல் கதவுக்குப் பக்கத்து மூலையில் குப்பை அள்ளியிலேயே ஒதுக்கி வைத்தேன். காலையில் போகிற போக்கில் கொட்டினேன். பிறகு பூனைகளை மடியில் வைத்துச் சீவி, வைத்தியர் செய்தது போலச் சீப்பை நனைத்த திசுவில் தட்டிப் பார்த்தேன். பெரியவள் மூன்றாம் நாளிலிருந்து கழுத்தை நீட்டித் தந்தாள். சின்னவன் கடைசி வரை என்னை எதிரியாகத்தான் நடத்தினான்.

இரண்டரைக் கிழமை இப்படிப் போனது. கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை. வெள்ளைக் காலுறை போட்டு வீட்டுக்குள் நடந்தால், வாசலுக்குப் போய் வருவதற்குள் நாலைந்து கறுப்புப் புள்ளி ஏறிவிடும். சொட்டு மருந்து பட்ட பூனையைக் கடித்தது சாகிறது. ஆனால் புதிது புதிதாக எங்கிருந்தோ வந்துகொண்டேயிருந்தது.

மகள் வர இன்னும் மூன்று கிழமைகூட இல்லை. வீட்டுக்கார அம்மா மறுபடி எதுவும் சொல்லவில்லை. ஆனால் கீழே தொட்டில் வந்து இறங்கியது. புதுப் பாய் வந்தது. அன்று மாலை கலஹாவில் இருக்கும் தம்பிக்குப் போன் எடுத்தேன்.

"கொண்டாந்து விடுங்கக்கா. லயத்துல நாய் மூணு இருக்கு, பாத்துக்கலாம்" என்றான். அவன் நல்ல மனதோடுதான் சொன்னான். போனை வைத்துவிட்டு அழுதேன். மூன்று நாய்களுக்கு நடுவில், இந்த வீட்டு மதிலைத் தாண்டித் தனியே போயிராத சின்னவனை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. பெரியவள் வந்து என் காலடியில் உட்கார்ந்து தன் பாதத்தை நக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அழுது முடித்து மூக்கைச் சிந்திய பிறகுதான் வைத்தியர் சொன்ன தட்டு ஞாபகம் வந்தது. என்னிடம் ஒரே ஒரு மேசை விளக்கு. முதல் நாள் கட்டிலடியில் வைத்தேன். காலையில் தட்டில் மூன்று. இரண்டாம் நாள் பூனைக் கூடைக்குப் பக்கத்தில், ஐந்து. மூன்றாம் நாள் கதிரைகளுக்கு அருகே வைக்க நினைத்தேன். அங்கே பிளக் வேலை செய்யவில்லை. வேலை செய்கிற மற்றப் பிளக் வாசல் மூலையில், குப்பை அள்ளிக்கு மேலே இருந்தது. வேறு வழியில்லாமல் அங்கே வைத்துவிட்டுப் படுத்தேன்.

காலையில் போய்ப் பார்த்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். தண்ணீரே தெரியவில்லை. எண்ணத் தொடங்கி, அறுபதைத் தாண்டியதும் விட்டுவிட்டேன்.

ஒரு நிமிடத்தில் எல்லாம் விளங்கியது. வீடு முழுக்கச் சிதறிக் கிடந்த முட்டையையும் புழுவையும் கூட்டையும் நானே முக்கால் மணி நேரம் பாடுபட்டுத் தேடிப் பொறுக்கி, ஒரே இடத்தில் குவித்து, பன்னிரண்டு மணி நேரம் தங்க இடமும் கொடுத்திருக்கிறேன். இராத்திரியில் பொரித்ததும் பிழைத்ததும் குதித்துத் திரும்ப வீட்டுக்குள் போயிருக்கின்றன. காலையில் நான் கொட்டியது வெறும் மண்.

வைத்தியர் உடனே என்றுதான் சொல்லியிருந்தார். அந்த வார்த்தையை நான் கேட்டேன். சாப்பாட்டுக்கு முன் என்றால் முன்தான், பின் இல்லை என்று நாளைக்கு ஐம்பது பேருக்குப் படிப்பிக்கிறவள் நான். எனக்கென்று வந்ததும் உடனே என்பதை விடிய என்று மாற்றிக்கொண்டேன். அந்த மாற்றம் என் கண்ணிலேயே படவில்லை. விடியும் வரை வைத்திருப்பது எங்களுக்கு அவ்வளவு இயல்பான காரியம். எனக்கு என் மேல் வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை.

தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு கீழே போனேன். வீட்டுக்கார அம்மா முற்றத்தில் செவ்வரத்தைப் பூ பறித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, இதைக் கொஞ்சம் பாருங்க. இது நேத்து ராத்திரி குப்பைக்குப் பக்கத்துல வச்ச தட்டு."

கண்ணாடியை மூக்குக்கு இறக்கிப் பார்த்தார். கட்டிலடித் தட்டில் எத்தனை, கூடைத் தட்டில் எத்தனை என்பதையும் சொன்னேன். அவர் பூவைத் தட்டத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்குப் பஸ் நேரம். அன்று பகல் முழுக்க பார்மசியில் இரண்டு தடவை தப்பான மருந்தை எடுத்து, கொடுப்பதற்கு முன் பிடித்துத் திரும்ப வைத்தேன்.

ஆறரைக்கு வந்தபோது கீழே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வீட்டுக்கார அம்மா குளித்து, விபூதி பூசி, கையில் ஒரு தடித்த பிளாஸ்டிக் பையோடு படியடியில் நின்றார். எனக்கு முன்னால் மேலே ஏறினார்.

"கூட்டுங்கோ" என்றார்.

கூட்டினேன். கட்டிலடி, அலுமாரியடி, வெடிப்புகள். அவர் கதிரைகளை ஒவ்வொன்றாகத் தூக்கித் தந்தார். கடைசியில் அள்ளியை என் கையிலிருந்து வாங்கி, பைக்குள் கொட்டி, காற்றில்லாமல் இறுக்கி இரண்டு முடிச்சுப் போட்டார். பிறகு பையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். நான் பின்னால் ஓடினேன்.

"அம்மா, நான் கொண்டு போறேன். லட்சுமி..."

"அவவோட நான் கதைச்சுக் கொள்ளுறன்" என்றார்.

விளக்கைத் தாண்டி, வாசலைத் தாண்டி, கேற்றைத் திறந்து வெளியே போய், மதிலுக்கு அப்பால் பையோடு வைத்து நெருப்பு மூட்டினார். எழுபது வருடமாகச் செய்யாத காரியத்தை அவர் நேராக நிமிர்ந்து நின்று செய்தார். எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. தட்டினால் கோபிப்பார் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

அதன் பிறகு ஒவ்வொரு மாலையும் அதே வேலை. நான் கூட்டுவேன், அவர் கட்டுவார். எரிப்பதை யாருக்கும் விட்டுத்தர மாட்டார். ஒரு கிழமையில் மூலைத் தட்டில் ஒன்பது. அடுத்த நாள் நாலு. காலையில் கீழிருந்தே "எத்தினை?" என்று கேட்பார், நான் மேலிருந்து எண்ணிக்கையைச் சொல்வேன். இரண்டு என்று சொன்ன அன்று இரண்டு வடையை ஒரு தட்டில் அனுப்பினார். ஒரு காலை தண்ணீர் வைத்தபடியே தெளிவாக இருந்தது. விளக்கை இடம் மாற்றி மாற்றி வைத்தேன். அடுத்த காலையும் ஒன்றுமில்லை, அதற்கடுத்த காலையும் இல்லை. வெள்ளைக் காலுறையோடு நாங்கள் இருவரும் வீடு முழுக்க அணிவகுப்புப் போல நடந்தோம். நாலு காலுறையும் வெள்ளையாகவே இருந்தன. அந்தச் சந்தோஷத்தைப் பரீட்சை பாஸானபோதுகூட நான் அனுபவித்ததில்லை. வைத்தியர் மாதாமாதம் சொட்டை விடாதீர்கள் என்று சொல்லியிருந்தார். அதற்கும் நாட்காட்டியில் வீட்டுக்கார அம்மாவே வட்டம் போட்டு வைத்தார்.

மகள் வந்து சேர்ந்தார். இரண்டாம் நாள், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தாயோடு மேலே என்னைப் பார்க்க வந்தார். வாசலில் கால் வைத்தவர் அப்படியே நின்றார். பெரியவள் கதிரையில் படுத்திருந்தாள்.

"என்னம்மா, பூனையளோ? சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டில? தெள்ளுக் கிள்ளு இருக்குமே."

குழந்தை இறங்க வேண்டும் என்று கையைக் காலை உதைத்தது. மகள் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் வீட்டுக்கார அம்மா கதிரையில் உட்கார்ந்து, மடியில் ஒரு வெள்ளைத் துவாயை விரித்தார்.

"பிள்ளை, பெரியவளைத் தாங்கோ. அந்தச் சீப்பையும்."

அதுவரை அவர் ஒரு பூனையைத் தொட்டு நான் பார்த்ததில்லை. பெரியவளைத் தூக்கி அவர் மடியில் வைத்தேன். அவர் என்னைப் பார்த்துப் பழகியிருக்க வேண்டும். பிடரியிலிருந்து வால் வரை, மயிரின் போக்கிலேயே, அவசரமில்லாமல் சீவினார். வயிற்றுப் பக்கமும் சீவினார். சீப்பை, நான் நனைத்துக் கொடுத்த திசுவில் தட்டி, சிறிது பொறுத்து, கையொப்பத்துக்குக் கோப்பை நீட்டுகிறவர் போல மகளிடம் நீட்டினார். திசு வெள்ளையாக இருந்தது.

"பார். ஒண்டும் இல்லை. எங்கட பூனையில தெள்ளு இல்லை."

மகள் திசுவைப் பார்த்தார். தாயின் மடியில் கண்ணை மூடிக் கிடந்த பெரியவளைப் பார்த்தார். பிறகு குனிந்து, குழந்தையை என் தரையில் விட்டார்.